உள்ளூர்ச் சுகாதாரச் செய்தியை எதில் வெளியிடுவது? சமூக ஊடகங்கள் குறித்த ஓர் ஒப்பீடு

மாலை ஆறு மணிக்கு ஆய்வகத்திலிருந்து தகவல் வருகிறது: ஊரின் ஒரு பகுதிக்குச் செல்லும் குடிநீரில் கழிவுநீர் கலந்திருப்பதற்கான அறிகுறி தெரிகிறது. அந்தப் பகுதியில் இருக்கும் ஒவ்வொரு வீட்டாருக்கும், இரவுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பதற்குள், காய்ச்சிக் குடிக்கும்படி சொல்லியாக வேண்டும். சுகாதார அலுவலகத்தில் அந்த நேரத்தில் இருப்பவர் ஒருவரோ இருவரோதான். அவர்கள் கையில் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றும், வாட்ஸ்அப் குழுக்கள் சிலவும், எப்போதோ தொடங்கிக் கைவிட்ட எக்ஸ் (முன்பு ட்விட்டர்) கணக்கு ஒன்றும் இருக்கக்கூடும். எதில் முதலில் போடுவது என்று அப்போது உட்கார்ந்து யோசிக்க முடியாது. அது பரபரப்பில்லாத ஒரு நாளில் எடுத்து வைத்திருக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை எடுக்க வேண்டிய உள்ளாட்சி ஊழியர்களையும் தன்னார்வலர்களையும் மனத்தில் கொண்டு இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

செய்தி சரியாக இருந்தும் போய்ச் சேரும் வழி குறுகலாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது சான்று. ஈ.கோலை கிருமி கலந்த குடிநீரால் அங்கே 7 பேர் இறந்தார்கள். 2,000 பேருக்கும் மேல் நோயுற்றார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி மே 21 அன்று உள்ளூர் வானொலி வழியாக அறிவிப்பு வெளியானது. துண்டறிக்கைகள் வீடு வீடாகக் கொடுக்கப்படவில்லை. அன்றைய தினம் அந்த அறிவிப்பு ஊராரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் தெரிந்திருந்தது என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது. அப்போது சமூக ஊடகம் என்ற ஒன்று இல்லை. இப்போது இருக்கிறது என்பதனால் மட்டும் அந்த மீதிப் பாதிப் பேரை எட்டிவிடுவோம் என்று நினைத்துக்கொள்வது தவறு.

எந்த ஊடகத்தைத் தேர்ந்தெடுப்பது என்று பேச்சு வரும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, எதில் அதிகம் பேர் இருக்கிறார்கள் என்பதுதான். அது தேவையான கேள்வி; ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன். முதலில் வெளியிட்ட செய்தியில் பிழை நேர்ந்துவிட்டால், அல்லது நிலைமை மாறிவிட்டால், திருத்தம் அதே ஆட்களை, அத்தனை பேரையும், எவ்வளவு விரைவில் எட்டும்? உள்ளூர்ச் சுகாதாரச் செய்தி என்பது ஒருமுறை சொல்லி முடிந்துபோகிற விஷயமன்று. முகாம் நடக்கும் இடம் மாறும், தடுப்பூசி கையிருப்பு நண்பகலிலேயே தீர்ந்துபோகும், நான்கு தெருக்களுக்கு மட்டும் என்று நினைத்த எச்சரிக்கையை மறுநாள் பன்னிரண்டு தெருக்களுக்கு நீட்டிக்க வேண்டி வரும். அப்படியிருக்க, முதல் செய்தியை ஆயிரம் பேரிடம் கொண்டுபோய்விட்டுத் திருத்தத்தை நூறு பேரிடம் மட்டும் கொண்டுசேர்க்கிற ஊடகம், மீதித் தொள்ளாயிரம் பேரைத் தவறான தகவலோடு விட்டுவிடுகிறது. அதனால் பின்வரும் ஊடகங்கள் ஒவ்வொன்றையும் முதன்மையாக இந்த அளவுகோலால்தான் பார்த்திருக்கிறேன். பெறுபவரின் தொலைபேசி எண் பிறர் கண்ணில் படுமா, கணக்கு இல்லாதவரும் படிக்க முடியுமா என்பவை அடுத்து வருகின்றன.

வாட்ஸ்அப் குழு

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான், ஏனென்றால் ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பதற்காக மட்டும் கைபேசி வைத்திருக்கும் முதியவர்கூட வாட்ஸ்அப்பைத் திறக்கிறார். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர முடியும் என்பதால், ஒரு சிறிய பகுதிக்கு ஒரு குழுவே போதும் என்றும் தோன்றும்.

ஒரு குடியிருப்புப் பகுதியின் சுகாதாரத் தகவல் குழுவுக்கு நானும் சில காலம் நிர்வாகியாக இருந்தேன். காய்ச்சல் பரவிய ஒரு வாரத்தில், ஒரு தாய் தன் மகளுக்கு டெங்கு உறுதியாகிவிட்டது என்றும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பதாகவும், என்ன செய்வது என்றும் குழுவில் கேட்டார். அவருக்கு நான் பதில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே, "எந்தத் தெரு?" என்று ஒருவர் கேட்டார். "எந்த வீடு?" என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாமவர் வீட்டு எண்ணையே போட்டுவிட்டார். அந்தப் பதிவை நான் நீக்கினேன். ஆனால் அதற்குள் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள் என்பதை அறிய வழியே இல்லை. மறுநாள் அந்தத் தாய் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். தகவல் மிகவும் தேவைப்பட்ட ஒருவரை, தகவல் தருவதற்காகத் தொடங்கிய குழுவே விரட்டிவிட்டது என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அது காசநோயாகவோ வேறு ஏதேனும் தொற்றாகவோ இருந்திருந்தால், அந்தக் குடும்பம் அதே தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதே கடினமாகியிருக்கும்.

குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். அனுப்பிய செய்தியைத் திருத்தக் கிடைக்கும் அவகாசம் 15 நிமிடம்தான்; அதற்குப் பிறகு நீக்கலாம், அல்லது கீழே புதிதாக ஒன்றை எழுதலாம். அப்படி எழுதும் திருத்தம், காலை வணக்கங்களுக்கும் வாழ்த்துகளுக்கும் நடுவில் எங்கோ புதைந்துபோகிறது. நிர்வாகிகள் மட்டுமே பதிவிடலாம் என்று அமைத்துவிட்டால் இரைச்சல் குறையும். ஆனால் எண்கள் தெரிவது நிற்காது, கேள்வி கேட்கும் வசதியும் போய்விடும்.

அந்தக் கேள்வி கேட்கும் வசதியைச் சாதாரணமாக ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் வதந்தி முதலில் காதில் விழுவது அங்கேதான். 2014-ல் நைஜீரியாவில், உப்பு நீரைக் குடித்தால் எபோலா வராது என்ற செய்தி குறுஞ்செய்திகள் வழியாகவும் சமூக ஊடகங்கள் வழியாகவும் பரவி, அதை நம்பிக் குடித்தவர்களில் உயிரிழந்தவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஒன்று உலவத் தொடங்குகிறது என்பதை ஒரு சுகாதார அலுவலகம் தானாக அறிந்துகொள்ள முடியாது, யாராவது "இது உண்மையா?" என்று கேட்டால்தான் தெரியவரும். ஆகவே குழுவை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை. பொதுமக்களுக்கு அறிவிப்பு வெளியிடும் இடமாக அதைக் கொள்ளக் கூடாது. களப்பணியாளர்கள், தெருவுக்கு ஒருவராகத் தன்னார்வலர்கள் என்று ஐம்பது அறுபது பேர் கொண்ட செவிகளாக அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் முடிவு.

வாட்ஸ்அப் சேனல்

2023-ல் அறிமுகமான சேனல் வசதி, குழுவின் பெரிய குறைகளில் இரண்டைத் தீர்க்கிறது. பின்தொடர்பவரின் எண் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரிவதில்லை. நிர்வாகிக்கும், அந்த எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருந்தாலொழிய, தெரிவதில்லை. வெளியிட்ட பதிவை 15 நிமிடத்துக்குள் அல்லாமல், அதற்கு வெகுநேரம் பிறகும் திருத்த முடிகிறது. சேனலிலிருந்து ஒருவர் செய்தியை ஃபார்வர்ட் செய்தால் அதனுடனேயே சேனலுக்குச் செல்லும் இணைப்பும் போகிறது. அதனால் ஐயம் உள்ளவர் அதைத் தொட்டு மூலத்துக்குப் போய், இப்போதைய நிலை என்ன என்று பார்த்துக்கொள்ளலாம். என் அளவுகோலின்படி இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் சேனலில் ஒரு குறை இருக்கிறது. தொடங்கும்போது பலர் அதைக் கவனிப்பதில்லை. ஒருவர் சேனலைப் பின்தொடரும்போது, அறிவிப்பு ஒலி இயல்பாகவே அணைந்த நிலையில்தான் இருக்கும். பதிவுகளும் வழக்கமான உரையாடல்களோடு சேர்ந்து வராமல் தனியொரு பிரிவில் கிடக்கும். மாலை ஆறு மணிக்கு நாம் போட்ட எச்சரிக்கையை, அந்தப் பிரிவைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவர் மறுநாள்தான் பார்ப்பார், அல்லது பார்க்காமலே போவார். எனவே, சேனலில் சேரச் சொல்லி ஒட்டும் ஒவ்வொரு சுவரொட்டியிலும், சேர்ந்தவுடன் மேலே உள்ள மணி அடையாளத்தைத் தொட்டு ஒலியை இயக்கிக்கொள்ளும்படி படத்தோடு சொல்ல வேண்டும். தடுப்பூசிக்கு வருபவர்கள் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் செவிலியரோ தன்னார்வலரோ அவர்களின் கைபேசியிலேயே அதைச் செய்து காட்டினால் இன்னும் நல்லது.

ஒளிபரப்புப் பட்டியல் என்ற பழைய வசதியையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான். அதிலும் நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஓர் ஊருக்கு அது ஒத்துவராது.

டெலிகிராம்

வசதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுவே முதலிடம் பெறும். சேனலில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், இன்று சேர்பவரும் முதல் நாளிலிருந்து வந்த எல்லாப் பதிவுகளையும் படிக்கலாம், தேடலாம்; வெளியிட்ட பதிவை நாமும் திருத்தலாம். ஆனால் ஊரில் பெரும்பாலோரிடம் அந்தச் செயலி இல்லையென்றால் இந்த வசதிகளால் பயன் இல்லை. ஒரு சுகாதார எச்சரிக்கைக்காகப் புதிய செயலியை நிறுவுங்கள் என்று சொன்னால் நிறுவுபவர்கள் ஏற்கெனவே விழிப்போடு இருப்பவர்கள்தான்.

ஃபேஸ்புக் பக்கம்

திருத்தம் என்ற அளவுகோலில் ஃபேஸ்புக்குக்கு எதிர்பாராத வலிமை ஒன்று உண்டு. நம் பக்கத்தில் போட்ட பதிவை ஒருவர் பகிர்ந்தால், அவர் பகிர்ந்த இடத்தில் தெரிவதும் நம்முடைய அதே பதிவுதான். மூலத்தில் நாம் திருத்தினால் பகிரப்பட்ட இடங்களிலும் திருந்திய வடிவமே தெரியும். யாரேனும் கைபேசித் திரையைப் படமாகப் பிடித்துப் பரப்பினால் இது செல்லாது என்றாலும், வாட்ஸ்அப்பில் நகல் நகலாகப் பெருகும் செய்தியோடு ஒப்பிட்டால் இது பெரிய வேறுபாடு. பின்னூட்டங்களில் வரும் கேள்விக்கு ஒருமுறை பதில் சொன்னால் அடுத்து வரும் நூறு பேரும் படிக்கிறார்கள்.

பலவீனம் காலத்தில் இருக்கிறது. எந்தப் பதிவை யாருக்கு எப்போது காட்டுவது என்பதை அந்த நிறுவனத்தின் அல்காரிதம் முடிவு செய்கிறது. 2018-ன் தொடக்கத்தில், பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. பக்கத்தை ஐயாயிரம் பேர் விரும்பியிருந்தாலும், எச்சரிக்கை அன்று மாலையே அவர்கள் கண்ணில் படும் என்பதற்கு உறுதி இல்லை. மூன்று நாள் கழித்து, தண்ணீர் சரியாகிவிட்ட பிறகு, "காய்ச்சிக் குடியுங்கள்" என்ற பதிவு ஒருவரின் முன் வந்து நிற்கவும் கூடும். அதனால்தான் நிலைமை சீரானதும் பழைய பதிவை நீக்காமல், அதன் முதல் வரியாக, "இந்த எச்சரிக்கை இன்ன தேதி, இன்ன மணிக்கு விலக்கப்பட்டது" என்று சேர்ப்பது கட்டாயமாகிறது.

இன்னொரு அபாயம், இடம் நமக்குச் சொந்தமில்லை என்பது. செய்திகளுக்குக் கட்டணம் செலுத்தும் சட்டம் தொடர்பான தகராறில் 2021 பிப்ரவரி 18 அன்று ஆஸ்திரேலியாவில் செய்திப் பக்கங்களை ஃபேஸ்புக் முடக்கியபோது, சில மாநிலச் சுகாதாரத் துறைகளின் பக்கங்களும் சேர்ந்து வெறுமையாயின. கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தன. பின்னர் அவை மீண்டன என்றாலும், அந்த மணிநேரங்களில் அந்தத் துறைகளால் தம் பக்கத்தில் ஒன்றும் செய்ய இயலவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. மூன்று ஊடகங்களில் வெளியிடுகிறோம், ஒன்று போனாலும் இரண்டு இருக்கும் என்று எண்ணியவர்கள், மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே கட்டமைப்பில் இருந்ததை அன்று உணர்ந்தார்கள்.

எக்ஸ் தளமும் காணொளிகளும்

எக்ஸ் தளம் செய்தியாளர்களையும் அதிகாரிகளையும் எட்டுவதற்கு நல்லது; ஒரு வார்டின் குடும்பங்களை எட்டுவதற்குப் பொருத்தமற்றது. 2023-ல், கணக்கு இல்லாதவர்கள் பதிவுகளைப் படிப்பதற்கு அது கட்டுப்பாடு கொண்டுவந்ததும், தானியங்கி முறையில் பதிவிடக் கட்டணம் கேட்டதால் நியூயார்க்கின் பொதுப் போக்குவரத்து நிறுவனம் சேவை அறிவிப்புகளைச் சில நாட்கள் அங்கே நிறுத்திவைத்ததும், பொது நிறுவனங்கள் அதைச் சார்ந்திருக்க முடியாது என்பதையே காட்டின. ஆனால் கேட்கும் காதாக அது பயன்பட்டதற்கு நல்ல சான்று உண்டு: சிகாகோ நகரச் சுகாதாரத் துறை 2013-ல், சாப்பிட்டு வயிறு கெட்டது என்று அங்கே எழுதியவர்களைத் தேடிப் பதில் எழுதி, புகார்ப் படிவத்தை நிரப்பச் செய்து, அந்த வழியில் வந்த தகவல்களைக் கொண்டு முதல் பத்து மாதங்களில் 133 உணவகங்களில் ஆய்வு நடத்தியது.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் போன்ற குறுங்காணொளிகளை அவசர எச்சரிக்கைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அவை நம் ஊராரைவிட வெளியூராரிடமே அதிகம் போய்ச் சேரும். வெளியிட்ட காணொளிக்குள் பேசிய சொல்லை மாற்ற இயலாது. ஆனால் கை வேலையைக் காட்ட அவற்றுக்கு ஈடில்லை. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்க ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று எழுதிவிடலாம். கரண்டியைக் குவியலாக எடுக்காமல், விரலால் தலைதட்டி எடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் படிப்பவர் தவறவிடுவார். உப்பு கூடினால் குழந்தைக்குத் தீங்கு. பத்து விநாடிக் காணொளியில் விரல் கரண்டியின் மேல் வழித்துக்கொண்டு போவதைப் பார்த்தவர் மறக்கமாட்டார். இன்றும் அடுத்த ஆண்டும் மாறாத இத்தகைய செய்திகளுக்கே காணொளி.

குறுஞ்செய்தி

சமூக ஊடகமன்று என்றாலும் இதை ஒப்பீட்டில் சேர்க்காவிட்டால் ஒப்பீடு முழுமையாகாது, ஏனென்றால் இணையமில்லாத கைபேசிக்கும் போகும், மணியடித்துப் போகும் என்ற இரண்டும் இதற்கு மட்டுமே உண்டு. தமிழில் அனுப்புவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழுக்கு 70 குறியீடுகள்தான். அதிலும் 'கா' என்பது ககரமும் கால் குறியுமாக இரண்டு. 'சுகாதாரம்' என்ற ஒரு சொல்லே ஒன்பதைத் தின்றுவிடும். ஆகவே, "கிழக்குத் தெரு: குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும். 12-ம் தேதி வரை" என்ற அளவில்தான் எழுத முடியும். விவரம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

படமா, எழுத்தா?

ஊடகத் தேர்வைப் போலவே வடிவத் தேர்வும் திருத்தத்தைப் பாதிக்கிறது. இதில்தான் அதிகமான தவறுகளைப் பார்க்கிறேன். எங்கள் குழுவில் ஒருமுறை, "நாளை காலை 9 மணிக்குக் குழந்தைகளுக்கான தடுப்பூசி முகாம்" என்று அழகான வண்ணப் படம் ஒன்றை வெளியிட்டோம். தேதி இல்லை, ஏனென்றால் வெளியிட்ட எங்களுக்கு நாளை எது என்று தெரியும். நான்கு மாதம் கழித்து அந்தப் படம் எங்கிருந்தோ திரும்பி வந்தது. மறுநாள் காலை மூன்று தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு பூட்டிய கதவின் முன் நின்றார்கள். அவர்களில் ஒருவர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

படமாகப் போன செய்தியைத் திருத்த முடியாது, தேட முடியாது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதைச் சரியாகப் படிக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. எழுத்தாகவே வெளியிட வேண்டும். படம் தேவையென்றால் முழுத் தேதியையும், எதுவரை செல்லும் என்பதையும், மூலம் இருக்கும் முகவரியையும் படத்துக்குள்ளேயே பொறிக்க வேண்டும். 'நாளை', 'இன்று', 'இப்பகுதி' ஆகிய மூன்று சொற்களையும் சுகாதார அறிவிப்பிலிருந்து அறவே நீக்கிவிடலாம்.

என் தேர்வு

இரண்டு பேருக்குமேல் ஆள் இல்லாத அலுவலகத்துக்கு நான் சொல்வது இது. மூலச் செய்தி அலுவலகத்தின் சொந்த இணையப் பக்கத்தில், கணக்கு எதுவும் இல்லாமல் எவரும் திறந்து படிக்கும்படி, எப்போதும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும். மற்ற எல்லாமும் அங்கே கொண்டுவந்து சேர்க்கும் வழிகளே. அன்றாட அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல், அதோடு ஃபேஸ்புக் பக்கம். உயிருக்கு ஆபத்தான வேளையில் குறுஞ்செய்தியும், தன்னார்வலர் குழுவின் வழியாக வீடு வீடாகச் சென்று சொல்வதும் சேர வேண்டும். வாக்கர்ட்டனில் விடுபட்ட பாதியை எட்ட இதைவிடக் குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஆள் ஒருவர்தான் என்றால் ஃபேஸ்புக்கையும் விட்டுவிடலாம். பதில் சொல்ல ஆளில்லாத பின்னூட்டப் பகுதியில் வதந்திதான் பதிலாக நிற்கும்.

கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதையும் பரபரப்பில்லாத அந்த நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மாநிலத்தில் ஏவுகணை வருவதாகத் தவறான எச்சரிக்கை எல்லாக் கைபேசிகளுக்கும் போனது. அது தவறு என்ற திருத்தம் அதே வழியில் கைபேசிகளை எட்ட 38 நிமிடமாயிற்று. தவறு என்பதைச் சில நிமிடங்களிலேயே அறிந்த ஆளுநர் டேவிட் இகே, தம் ட்விட்டர் கணக்கில் அதைச் சொல்லத் தாமதமானதற்கு, கணக்கின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் நினைவில் இல்லாததையும் ஒரு காரணமாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு கணக்குக்கும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மாற்றலாகிப் போகும் நாளிலேயே புதியவரைச் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, எந்த ஊடகமானாலும் எச்சரிக்கையின் இறுதி வரியில் அடுத்த தகவல் வரும் நேரத்தைக் குறிப்பிடும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவர வேண்டும். "அடுத்த தகவல் இரவு 9 மணிக்கு" என்று எழுதிவிட்டால், ஒன்பது மணிக்குப் புதிதாக எதுவும் இல்லையென்றாலும், ஆய்வக முடிவு இன்னும் வரவில்லை, தண்ணீரைத் தொடர்ந்து காய்ச்சியே குடியுங்கள், அடுத்த தகவல் காலை 6 மணிக்கு என்று பதிவிட வேண்டும்.